பதிவேட்டில் இல்லாத திரை

10-06-2024, திங்கள்

காலை 9.40-க்கு நில அளவை அலுவலகம் சேர்ந்தேன். வருகைப் பதிவேட்டில் முதல் கையொப்பம் இன்றும் என்னுடையதே.

பாசிலா ஒரு விண்ணப்பம் கொடுத்தார். பழைய புலப்படங்களை, அதாவது வயல்களின் எல்லை வரைபடங்களை, ஒளிவருடி (ஸ்கேன் செய்து), அவற்றின் மேல் கோடு பிடித்துக் கணினிப் படமாக்கும் வேலை அவருடையது. மூன்றாண்டுகளாக என் பிரிவில் ஒப்பந்தப் பணியாளர். அலுவலகத் திரை சிறிதாக இருப்பதால் கண் வலிக்கிறதாம். கணவர் ஷாநவாஸ் சார்ஜாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெரிய திரை வீட்டில் சும்மா கிடக்கிறதாம். அதைத் தம் மேசையில் இரண்டாவது திரையாக வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறார்.

விதித் தொகுப்பைப் புரட்டினேன். வைக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்றினால் அது அரசுப் பொருளாகிவிடும்; பிறகு அவர் திரும்ப எடுத்துச் செல்ல இயலாது. எனவே விண்ணப்பத்தின் விளிம்பில், ‘சொந்தப் பொறுப்பில் அனுமதிக்கப்படுகிறது. அலுவலகப் பதிவேட்டில் சேராது’ என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். ஒரு நகல் என் கோப்பில் வைத்தேன்.

நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். யாருக்கும் இழப்பில்லை.

12-06-2024, புதன்

திரை வந்துவிட்டது. இடப்பக்கம் நம்முடையது: 1366-க்கு 768 புள்ளிகள். வலப்பக்கம் அவருடையது: 2560-க்கு 1440. பெருக்கிப் பார்த்தேன். நம்முடையதில் பத்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து எண்பத்தெட்டு. அவருடையதில் முப்பத்தாறு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு. மூன்றரை மடங்கு.

ஆனால் இரண்டையும் சேர்த்து வைப்பது ஒரு தொல்லை. இடப்பக்கத்தை நிறைத்து நிற்கும் ஒரு சாளரத்தை வலப்பக்கம் இழுத்தால், அங்கே கால் பங்குக்குச் சற்று மேல்தான் அடைக்கிறது. எழுத்துகள் எறும்பாகின்றன. பெரிய திரையின் அடிப்பகுதியிலிருந்து சிறிய திரைக்குச் சுட்டியைக் கொண்டுவர முயன்றால், சுவரில் முட்டியது போல விளிம்பில் நின்றுவிடுகிறது. மேலே ஏற்றி, இரண்டும் ஒட்டியிருக்கும் உயரத்தில்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

“ரெசல்யூஷன் வேற வேற சார், அதான். பழகிட்டா தெரியாது” என்றார் பாசிலா.

எனக்குப் பழக வேண்டிய தேவை இல்லை.

13-06-2024, வியாழன்

நாகராசு, எங்கள் அலுவலக உதவியாளர், பெரிய திரையைப் பார்த்து, “சார், இதுல மத்தியானத்துக்கு மேல படம் போடுவீங்களா?” என்றான். கண்டித்தேன்.

25-06-2024, செவ்வாய்

வரைபட மென்பொருளின் உரிமம் அந்த ஒரு கணினிக்குத்தான். ஆகவே பாசிலா முடிக்கும் ஒவ்வொரு படத்தையும் அவர் மேசைக்குச் சென்றே நான் சரிபார்க்கிறேன். எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். முதலில் முழுப்படத்தையும் திரை நிறைய வைத்துப் பார்ப்பேன். அடுத்து, கணினி காட்டும் பரப்பைப் பழைய பதிவேட்டின் பரப்போடு ஒப்பிடுவேன். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேறுபட்டால் மட்டுமே பெரிதாக்கித் துருவுவேன். இருபத்தாறு ஆண்டுப் பணியில் இம்முறை என்னைக் கைவிட்டதில்லை.

இந்த மாதம் ஒரே வகைப் பிழை முப்பத்தேழு முறை வந்தது. பழைய படங்களில் மைக்கோடு சில இடங்களில் தடித்திருக்கும். ஒப்பந்தப் பணியாளர்கள் அத்தடிப்பின் இரு ஓரங்களையும் பிடித்து, ஒரு கோட்டை இரண்டாக வரைந்துவிடுகிறார்கள். ஒன்றை நீக்க வேண்டும். நீக்குகிறேன்.

சரிபார்ப்பை இடப்பக்கத் திரையில் மட்டுமே செய்கிறேன். சான்றொப்பம் இடுபவன் எந்தக் கருவியில் பார்த்தான் என்று நாளை யாரேனும் கேட்டால், பதிவேட்டுப் பக்க எண்ணைச் சொல்லக் கூடியவனாக இருக்க வேண்டும்.

வீட்டில் இதை மனைவி அன்புச்செல்வியிடம் சொன்னேன். “உங்க மூக்குக் கண்ணாடி எந்தப் பதிவேட்டுல இருக்கு?” என்றாள். பள்ளி ஆசிரியைகளுக்கு இடக்காகப் பேசுவது கைவந்த கலை.

09-07-2024, செவ்வாய்

மாத இலக்குக்கு இன்னும் பதினான்கு படங்கள் குறைவு. மாலை ஐந்தரைக்கு மேல் நான்கைப் பார்த்தேன்.

மூன்றாவது, ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் படம். இரு புலங்களுக்கு நடுவே ஒரு தடித்த கோடு. சுட்டியால் தொட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகள். முப்பத்தெட்டாவது பிழை என்றேன்.

“இல்ல சார், இது அப்படி இல்ல. இங்கிட்டுக் கொஞ்சம் பாருங்களேன்.” பாசிலா படத்தை வலப்பக்கத் திரையில் நிறைத்துக் காட்டினார். “இதுல தெளிவா ரெண்டு கோடு சார். நடுவுல வெள்ளை இருக்கு. பாதையா இருக்கும்.”

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “அந்தத் திரை பதிவேட்டில் இருக்கிறதா?” என்றேன்.

“அது... இல்ல சார்.”

“அதில் பார்த்ததை வைத்து நான் ஒப்பமிட முடியாது.”

தேநீர்க் குவளைகளை எடுக்க வந்த நாகராசு, “பதிவேட்டுல இல்லாட்டி சார் கண்ணுக்கே தெரியாதும்மா” என்றான். அவர் சிரிக்கவில்லை.

பரப்பை ஒப்பிட்டேன். வேறுபாடு நூற்றுக்கு ஒன்று புள்ளி ஏழு. வரம்புக்குள். சுட்டியை அவரிடமிருந்து வாங்கி நானே ஒரு கோட்டை நீக்கினேன். மணி 5.42. அடுத்த படத்துக்குப் போனோம்.

10-07-2024, புதன்

பாசிலா இன்று வேலை தவிர வேறு பேசவில்லை. கண்டிப்பு வேறு, கோபம் வேறு என்பதை அவர் புரிந்துகொள்வார்.

22-08-2024, வியாழன்

முற்பகலில் ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மனு. பெயர் அடைக்கலமேரி.

“சார், எங்க வீட்டுக்குப் போற பாதையக் காணம் சார்” என்றார்.

நாகராசு சிரித்துவிட்டான். “ஆடு மாடுதாம்மா காணாமப் போகும்.”

“சிரிக்காதீங்க தம்பி. கம்பி வேலி போட்டுட்டாரு உடையப்பன். ஏன்னு கேட்டா, கம்ப்யூட்டர் படத்துல பாதையே இல்ல, இது பூராம் என் வயலுங்குறாரு. படத்த வேற பிரிண்டு எடுத்து வச்சிருக்காரு. கீழ உங்க ஆபீசு முத்திரை.”

அவர் கணவர் ஆரோக்கியதாஸுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பு ஆட்டோ வாசலுக்கே வரும். “இப்ப பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு நாலு பேரு கம்மாக்கரையச் சுத்தித் தூக்கிட்டுப் போறாக. நாலு பேருக்கும் எத்தன நாளைக்கி சார் பொழப்பு கெடும்?”

படத்தில் இல்லாத பாதையை நான் காட்ட இயலாது என்று விளக்கினேன். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. மனுவின் வடிவத்தைச் சரி செய்து, புல எண்ணைச் சேர்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “மனுவுல உள்ள தப்பத் திருத்திட்டீங்க. படத்துல உள்ளத யாரு சார் திருத்துறது?”

அவர் போன பிறகு பாசிலா எழுந்து வந்தார். “சார், அது ஜூலையில நாம...” என்று தொடங்கினார். பிறகு பேசலாம் என்றேன்.

23-08-2024, வெள்ளி

அந்தப் படத்தை இன்று திறந்து பார்க்கவில்லை. வேலை மிகுதி என்று எழுதத் தொடங்கினேன். வேலை மிகுதியாக இல்லை.

02-09-2024, திங்கள்

உடையப்பன் நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் உறையிட்ட படம். பணிவான மனிதர்.

“பாதை விட்டுக்கிட்டுதாங்க இருந்தேன். எங்கப்பா காலத்துலருந்து விட்டோம். ஆனா கவர்மெண்டே அது ஒன் எடமுன்னு அச்சடிச்சுக் குடுத்துருச்சு. நாளைக்கி எம்மவன் கேப்பான்ல, பேப்பர்ல இருக்கத ஏம்ப்பா விட்டன்னு? நீங்களே சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்டதுதான?”

ஆம் என்றேன். அவர் பேச்சில் குறை காண முடியவில்லை. நான் பேசியிருந்தாலும் அப்படியேதான் பேசியிருப்பேன். அதுதான் என்னவோ செய்தது.

11-09-2024, புதன்

பாசிலா விடுப்பு. ஒரு படம் அவசரமாகத் தேவைப்பட்டதால் அவர் இருக்கையில் உட்கார்ந்து மென்பொருளைத் திறந்தேன். அவர் கடைசியாக வலப்பக்கத் திரையில் வைத்து மூடியிருப்பார் போலும். சாளரம் தானாக அங்கேயே விரிந்தது. விரிந்தது ஆவூர்ப் பக்கத்துப் படம்.

ஒளிவருடிய மூலப்படம். இரண்டு கோடுகள்.

நடுவில் வெள்ளை. அந்த வெள்ளைக்குள், பொடி எழுத்தில், பழைய வரைவாளர் எவரோ ‘பாதை’ என்றே எழுதியிருக்கிறார். அகலம் 2.0.

இடப்பக்கத் திரைக்கு மாற்றி நிறைத்தேன். ஒரு கோடு, சற்றே தடித்து. எழுத்து ஒரு தூசி. மீண்டும் வலப்பக்கம். இரண்டு. இப்படி ஏழு முறை செய்தேன். ஏழு முறையும் அப்படியேதான்.

கணக்கு எளிது. இரண்டு மீட்டர் பாதை தாளில் ஒரு மில்லிமீட்டர். முழுப்படத்தையும் நம் திரையில் அடக்கினால் அந்த ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது. கோடுகளே அவற்றைத் தின்றுவிடும். நடுவில் வெள்ளைக்கு இடம் எங்கே? மூன்றரை மடங்கு என்று ஜூன் மாதம் பெருக்கி எழுதி வைத்தவன் நான்தான். பெருக்கத் தெரிந்தது.

சரி, அந்தத் திரை வேண்டாம். நம் திரையிலேயே சுட்டியின் உருளையை இரண்டு முறை சுழற்றியிருந்தால் படம் பெரிதாகியிருக்கும், வெள்ளை தெரிந்திருக்கும். சுழற்றவில்லை. வேறுபாடு ஒன்று புள்ளி ஏழு. வரம்புக்குள்.

என்ன செய்ய?

12-09-2024, வியாழன்

பதிவறையில் மூலத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஓரம் பொடிந்திருக்கிறது, பாதை பொடியவில்லை.

நடைமுறை இதுதான்: சான்றளித்த அலுவலரே ‘பிழை என்னுடையது’ என்று எழுத்தில் கொடுத்தால் பத்து நாளில் படம் திருந்தும். இல்லையேல் மேல்முறையீடு, இரு தரப்பையும் அழைத்து விசாரணை. அடைக்கலமேரியின் மனுவுக்கு முதல் விசாரணை நாள் நவம்பர் 12.

நாளை எழுதலாம்.

19-09-2024, வியாழன்

எழுதவில்லை.

26-09-2024, வியாழன்

மேலதிகாரியின் தொலைபேசி. மனுவின் நகல் அவருக்கும் போயிருக்கிறது.

“செல்லமுத்து, அந்தக் கோட்டை டெலீட் பண்ணது யார் ஐடியில வருது?”

“பாசிலா ஐடியில் வருகிறது, சார்.”

“அப்ப அந்தப் பொண்ணு வேலதான். காண்ட்ராக்ட்தானே? ரிப்போர்ட் அனுப்பிடுங்க. உங்களுக்கு ஏன் வம்பு, புரமோஷன் லிஸ்ட் வர்ற நேரத்துல.”

அறிக்கை அனுப்பினேன். ‘கணினிப் பதிவின்படி, மேற்படிக் கோடு 09-07-2024 மாலை 5.42 மணிக்குத் திருமதி பாசிலாவின் பயனர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. மூலப்படத்தோடு ஒப்பிட்டு ஆய்வு செய்தல் தேவை.’ இரண்டே வாக்கியங்கள். நீக்கப்பட்டுள்ளது என்று முடித்தேன். நீக்கியவன் அந்த வாக்கியத்தில் இல்லை.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அன்புச்செல்வி விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்க எழுதுனது நெசமா?”

“ஒவ்வொரு சொல்லும் உண்மை.”

“அப்பறம் ஏன் சோறு எறங்கல?”

30-09-2024, திங்கள்

பாசிலாவின் ஒப்பந்தம் இன்றோடு முடிவு, புதுப்பிக்கப்படவில்லை. ஆணையை நான்தான் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்டார். தேதியும் போட்டார். தேதி போடாமல் கையொப்பமிடக் கூடாதென்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்.

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உணவுப் பாத்திரம், தண்ணீர்ப் போத்தல், கண் மருந்து ஆகியவற்றைப் பையில் எடுத்து வைத்தார். திரையைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது, கொழுந்தனார் வண்டி கொண்டுவரும்போது எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பிறகு என் மேசை முன் வந்து நின்றார்.

“சார், ஒன்னே ஒன்னு. அன்னைக்கி மவுஸ் உங்க கையில இருந்துச்சு. ஞாபகம் இருக்கா?”

நான் மேசையில் இருந்த அழிப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பரவால்ல சார். எனக்கு இருக்கு.”

நாகராசு வாசல் வரை பையைத் தூக்கிப் போனான். திரும்பி வந்து நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அவன் பேசாத ஒரு நாளை இப்போதுதான் பார்க்கிறேன்.

03-10-2024, வியாழன்

புதிய ஆள் வரவில்லை. அவர் மேசையில் இரு திரைகளும் இருட்டாக நிற்கின்றன. அணைந்திருக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அளவு மட்டும்தான்.

08-10-2024, செவ்வாய்

மன்னிப்புக் கடிதம் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் திரையைக் குறை சொல்லியிருந்தேன். இரண்டாவதில் மாத இலக்கை. மூன்றாவதில் பழைய வரைவாளரின் பொடி எழுத்தை.

15-10-2024, செவ்வாய்

அதிகாலை முதல் மழை. அலுவலகத்தில் பாதிப் பேர் இல்லை. செவ்வாய் என்பது பதினொரு மணிக்குத்தான் உறைத்தது. கண்மாய்க் கரை மண் கரை. இந்த மழையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவார்கள்?

அப்போதே எழுதியிருக்கலாம். தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது.

18-10-2024, வெள்ளி

ஆரோக்கியதாஸ் காலமானார்.

நாகராசுவின் அக்காள் வீடு அந்தப் பக்கம். அவன்தான் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். “செவ்வாக்கெழம கர பூராம் சேறு. தூக்குனவுக ரெண்டு பேரு வழுக்கி விழுந்து திரும்பிட்டாக. இன்னைக்கிப் போயிரலாம்னு இருந்தாகளாம். விடியக்காலையிலயே முடிஞ்சு போச்சு.”

பழக்கமான மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். நோய் முற்றிய நிலையில் ஒரு தவணை தவறாவிட்டாலும் நேரக் கூடியதுதான், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது. வரம்புக்குள்தான் போல. அட, என்ன மனுசன்டா நீ. இங்கேயும் வரம்பா?

19-10-2024, சனி

அடக்கத்துக்குப் போனேன். யார் என்று சொல்லிக்கொள்ளாமல் பின்னால் நின்றேன். மழை விட்டிருந்தது.

பெட்டியைத் தூக்கும் நேரத்தில் உடையப்பன் தாமே வேலிக் கம்பிகளை அவிழ்த்து ஒதுக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். “இப்படிக் கொண்டு போங்கத்தா. நான் குறுக்க நிக்க மாட்டேன். நான் ஒன்னும் மிருகமில்ல.”

அடைக்கலமேரி எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. “உசுரோட அந்த மனுசனுக்கு விடாத வழி, பொணத்துக்கு என்னத்துக்குங்க? கட்டிக்கங்க. நாங்க சுத்தியே போயிக்கிறோம்.”

திருச்சியிலிருந்து வந்திருந்த மகள் ஷர்லி, “அம்மா, சேறும்மா” என்றாள். அவர் கேட்கவில்லை.

சுற்றிப் போனோம். வேலி வழியே போயிருந்தால் அறுபத்திரண்டு மீட்டர். கரை வழியே ஆயிரத்து நானூறு. பெட்டி தூக்கியவர்கள் ஆறு பேர். இரண்டு இடங்களில் இறக்கி வைத்து மாற்றினார்கள். முழங்கால் வரை சேறு. முன்னால் சிலுவை. நான் கடைசி ஆள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வெட்கமில்லாமல். ஐம்பத்திரண்டு நிமிடம்.

ஒரு திருப்பத்தில் அடைக்கலமேரி திரும்பிப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். மனுவில் எழுத்துப் பிழை திருத்திய ஆள்.

05-11-2024, செவ்வாய்

பாசிலா திரையை எடுக்க வந்தார். வாசல் காவலர் வெளியே விடவில்லை: “அனுமதிச் சீட்டு இல்லாம ஒரு குண்டூசி போகக் கூடாதுன்னு உங்க சாரே சுத்தறிக்க ஒட்டியிருக்காரும்மா.” நான் ஒட்டியதுதான்.

சீட்டு எழுத வேண்டியவனும் நானே. அச்சிட்ட படிவம். முதல் கட்டம், பொருளின் பெயர். எழுதினேன். இரண்டாவது, இருப்புப் பதிவேட்டுப் பக்க எண். கோடு இழுத்தேன். மூன்றாவது, உள்ளே வந்த நாள். என் கோப்பிலிருந்து அவர் விண்ணப்பத்தை எடுத்து, நாளைப் பார்த்து எழுதினேன். நான்காவது: அலுவலகத்தில் எப்பணிக்குப் பயன்பட்டது.

அங்கே பேனா நின்றது.

பாசிலா எதிரில் நின்றுகொண்டிருந்தார். “சும்மா ‘சொந்தப் பொருள்’னு போட்டுருங்க சார். வண்டி வெயிட்டிங்ல நிக்குது.”

காலிக் கட்டத்தோடு நான் எந்தப் படிவத்திலும் கையொப்பமிட்டதில்லை. பொய்யாக நிரப்பியும் இல்லை, செப்டம்பர் வரை. எழுதினேன்: ‘09-07-2024 அன்று, ஆவூர்ப் பக்கத்துப் புலப்படத்தில் பாதையின் இரு கோடுகளும் இத்திரையில் தெரிந்தன. திருமதி பாசிலா அதைச் சுட்டிக் காட்டினார். நான் பார்க்க மறுத்து, என் கையால் ஒரு கோட்டை நீக்கினேன்.’ கட்டம் போதவில்லை. மீதியை விளிம்பில் எழுதினேன். கையொப்பம், தேதி, முத்திரை. மூன்று படிகள்: வாசலுக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

தம் படியை நின்றவாறே படித்தார். மறுபடியும் படித்தார்.

“அந்த ஐயா இருக்கும்போது எழுதியிருக்கலாமே சார்.”

திரையை ஒரு பழைய போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல அணைத்துத் தூக்கிப் போனார். நாகராசு கதவைப் பிடித்துக்கொண்டான்.

06-11-2024, புதன்

கோப்புப் படியை இணைத்து, ‘பிழை என்னுடையது’ என்ற கடிதத்தை மேலதிகாரிக்கு அனுப்பினேன். ஐந்து வரிகள். கிழிக்கவில்லை.

08-11-2024, வெள்ளி

மேலதிகாரி: “யோவ், கேட் பாஸ்ல போயா வாக்குமூலம் எழுதுவாங்க? இப்ப நான் என்ன பண்றது?”

விதிப்படி செய்யுங்கள் சார் என்றேன்.

20-11-2024, புதன்

எனக்குக் குற்றக் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். வரைவுப் பிரிவிலிருந்து பதிவறைக்கு மாற்றம். அங்கே திரை எதுவும் இல்லை. தாள்களும் கரையானும்தான்.

ஆவூர்ப் பக்கத்துப் படம் திருத்தப்பட்டது. பத்து நாள் என்றேன். ஒன்பதே நாளில் முடிந்திருக்கிறது. ஒன்பது நாள்.

பாசிலாவின் மீதான குறிப்பு நீக்கப்பட்டு, மீண்டும் சேரலாம் என்று ஆணை போயிருக்கிறது. மாலையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். “ஆர்டர் வந்துச்சு சார். நான் வரல. இங்க அன்னவாசல்லயே வீட்ல வச்சுத் தனியா படம் வரஞ்சு குடுக்குறேன்.” பிறகு சேர்த்துச் சொன்னார்: “ஒரு படம் முடிச்சதும் பெருசு பண்ணிப் பாக்குறேன் சார். ஒவ்வொரு மூலையும். நீங்க சொல்லிக் குடுக்காதது அது ஒன்னுதான்.”

வைத்துவிட்டார்.

24-12-2024, செவ்வாய்

பதிவறையில் நாளொன்றுக்கு இருபது தாள்களைத் தூசு தட்டி அடுக்குகிறேன். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியால் பார்க்கிறேன். யாரும் கேட்கவில்லை. உருப்பெருக்கி என் சொந்தம்; எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அன்புச்செல்வி இப்போதெல்லாம் இடக்காகப் பேசுவதில்லை. பேசினால் தேவலை.

09-02-2025, ஞாயிறு

விடுமுறை. பேருந்தில் ஆவூர் இறங்கி, நடந்து போனேன். அலுவல் காரணம் எதுவும் இல்லை.

வேலி இல்லை. பாதையின் இரு பக்கமும் புதிய கற்கள் நட்டிருக்கிறார்கள். அளவு நாடாவை விரித்து அளந்தேன். இரண்டு மீட்டர், தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும். துல்லியமான வேலை. ஆனால் பாதை முழுவதும் முழங்கால் உயரத்துக்குப் புல். மிதித்த தடம் இல்லை.

வீடு பூட்டியிருந்தது. பூட்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்த்துக் கிடந்தது.

வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த உடையப்பன் நிமிர்ந்து பார்த்து, வரப்புக்கு வந்தார். “மேரியம்மா மக வீட்டுக்கே போயிருச்சுங்க, திருச்சிக்கு. கிறிஸ்மசுக்குக்கூட வரல.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “பாத்தீங்கல்ல, கல்லு நட்டு வழி விட்டாச்சு. நடக்கத்தான் ஆளில்ல.”

எதற்கு வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“பஸ்ஸுக்குத்தான போறீங்க? இப்படியே பாதையில போங்க, பக்கம்.”

சரி என்றேன். ஆனால் கண்மாய்க் கரை வழியாகத்தான் வந்தேன். சேறு காய்ந்து இறுகியிருந்தது. அதில் யாருடைய காலடிகளோ பல அப்படியே பதிந்திருந்தன. சாலை ஏறியபோது மணி பார்த்தேன். ஆள் ஒருவன், கையில் சுமை இல்லாமல். பதினெட்டு நிமிடம்.